முதல் சுற்றின் கடைசி ஆள்

ஜெயித்தவனைக் கொண்டுபோய் வரிசையின் கடைசியில் நிறுத்தும் விளையாட்டு ஒன்று உண்டென்று சவூதியில் ஜுபைலுக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப்பக்கம் ஜெயித்தவனுக்கு மாலை போடுவார்கள். அதற்கு வழியில்லையென்றால் ஒரு சோடாவாவது வாங்கிக் கொடுப்பார்கள். ஜுபைல் தொழிலாளர் கேம்பில் கூடைப்பந்துக் கோப்பை வாங்கிய அணியைப் பார்த்து, அடுத்த வருடம் புது ஆள் எடுக்கும்போது மற்ற ஐந்து அணிகளும் அள்ளியது போக மிச்சம் கிடப்பதை எடுத்துக்கொள் என்பார்கள். கேட்டால், அமெரிக்காவில் சம்பளம் வாங்கி ஆடும் பெரிய அணிகளுக்கே அதுதான் முறையாம். தோற்றவன் முதலில் எடுத்தால்தான் அடுத்த வருடம் தேறுவானாம். தேறவேண்டுமென்றால் அவன் பயிற்சிக்கு ஒழுங்காக வரட்டுமே, அதற்கு என் தலையையா உருட்டுவது?

நான் அங்கே டைம் கீப்பர். ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில், யார் எத்தனை மணிக்கு சைட்டுக்குள் போனான், யாருக்கு எப்போது லீவு, யார் எப்போது எக்சிட்டில் ஒரேயடியாக ஊருக்குப் போகிறான் என்று எழுதி வைப்பது என் பிழைப்பு. எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்டது, ஆனால் ஊருக்குப் பேச இன்னும் கார்டு சுரண்டிக்கொண்டிருந்தோம், அந்தக் காலம். பாளையங்கோட்டையில் படித்தபோது பள்ளிக்கூட அணியில் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்கூட உள்ளே விடவில்லை. அந்தத் தகுதியில் எங்கள் சி பிளாக் அணிக்கு என்னை மேனேஜர் ஆக்கிவிட்டார்கள்.

லாரி நிறுத்தும் இடத்தின் ஒரு மூலையில்தான் எங்கள் மைதானம். வளையங்களை பைப் ஷாப் ஆட்கள் மிச்ச இரும்பில் வளைத்து வெல்டிங் வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்து வளையம் மற்றதைவிட நாலு விரல் உயரம். சொன்னால், "பாதி ஆட்டத்துல பக்கம் மாறுறோம்ல" என்பார்கள். லீக்கை நடத்தியவர் பிலிப்பைன்ஸ் ஃபோர்மன் ஒருவர். அவர்கள் மொழியில் அண்ணனுக்குக் 'கூயா' என்று பெயர், நாங்களும் அவரைக் கூயா என்றே கூப்பிட்டோம். சைட்டில் தங்கமான மனிதர். பந்து விஷயத்தில் மட்டும் சட்டப் புத்தகம். எதைக் கேட்டாலும், "மை ஃப்ரெண்ட், ரூல் இஸ் ரூல், கலாஸ்" என்று கையைத் தட்டி முடித்துவிடுவார்.

அந்த ரூல் இதுதான். வருடா வருடம் ஐப்பசி வாக்கில், வெயில் அடங்கும்போது, புது விசாவில் வந்த ஆட்களை மெஸ் ஹாலில் நிறுத்தி ஆறு அணிகளும் இரண்டு சுற்றாகப் பிரித்துக்கொள்ளும். டிராஃப்ட் என்பார்கள். புதிதாக வருகிறவனை எப்போதும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் போர்ட் கேம்பில்தான் போடுவார்கள். எங்கள் கேம்புக்கு அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவும் கிடையாது, வாரத்தில் என்றைக்கோ ஒரு நாள். கேட் பாஸ் இல்லாமல் வெளியே கால் வைக்க முடியாது. ஆனால் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த ஆறு பேர் மட்டும் அந்தந்த அணியின் பிளாக்குக்கே குடிவரலாம். சைட்டையும் பக்கத்தில் மாற்றித் தருவார்கள். கேம்பை நடத்தும் அதிகாரி, கேம்ப் பாஸ் என்போம், அவரும் பந்துப் பைத்தியம் என்பதால் நடந்த காரியம் இது. இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவன் போர்ட் கேம்பிலேயே கிடக்கவேண்டும். முடிந்தால் மேட்சுக்கு வரலாம். முடியாது.

இரண்டு வருடம் தொடர்ந்து நாங்கள் ஜெயித்தோம். இரண்டு வருடமும் எங்களுக்கு ஆறாவது பிக், அதாவது முதல் சுற்றில் கடைசித் தேர்வு. முதல் வருடம் நிஜமாகவே புலம்பினேன். இரண்டாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து அமெரிக்கக் கதையையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்கத் தலை தெளிந்தது. முதலில் எடுக்கிறவன் ஊர் பார்க்க எடுக்கிறான். உயரமானவனை விட்டுவிட்டால் சிரிப்பார்களே என்று பயந்து எடுக்கிறான். முதல் சுற்றின் கடைசியில் எடுக்கிறவனுக்கு அந்தப் பயம் இல்லை. தன் அணியில் எந்த ஓட்டை இருக்கிறதோ அதற்குப் பொருந்துகிற ஒருத்தனை நிதானமாகப் பொறுக்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் தப்பாக எடை போட்டவன் அங்கேதான் மிஞ்சிக் கிடப்பான்.

இதை வெளியே சொல்வேனா? நான் என்ன மடையனா? மெஸ்ஸில் தட்டோடு உட்காரும்போதெல்லாம், "ஆறாவது பிக் வெறும் குப்பைவே, அதுல எவனை எடுத்தாலும் ஒண்ணுதான்" என்று ஒரு மாதம் அழுதேன். அப்படி அழுதால் நான் யாரைப் பார்த்து வைத்திருக்கிறேன் என்று எவனும் தேடமாட்டான் என்பது என் கணக்கு. எல்லோரும் நம்பினார்கள். நம்பக்கூடாத ஒருத்தரும் நம்பிவிட்டார்.

நான் பார்த்து வைத்திருந்த ஆள் ஒரு மலையாளி. குழாய்களுக்கு இன்சுலேஷன் சுற்றுகிறவன். சோடாபுட்டிக் கண்ணாடி, கூன் முதுகு, ஆளைப் பார்த்தால் லைப்ரரியில் புத்தகம் அடுக்கத்தான் கூப்பிடத் தோன்றும். மெடிக்கலுக்காக எங்கள் கேம்புக்கு வந்திருந்தவன், மெஸ்ஸில் லபன் மோர் குடித்துவிட்டு, காலி டப்பாவை எட்டு மேசை தள்ளியிருந்த குப்பைத் தொட்டிக்குள் உட்கார்ந்தபடியே போட்டான். சரி, குருட்டாம்போக்கு என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களின் டப்பாக்களையும் வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டான். ஒன்றுகூட வெளியே விழவில்லை. என் சாப்பாடு ஆறிப்போனது.

என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. எங்கள் அணி ஆட்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். எத்தனை பாயிண்ட் போட்டான், எந்தக் கை, லீவு எப்போது, எக்சிட் எப்போது என்று கோடு போட்டு வைத்திருந்தேன். கடைசிப் பக்கங்களில் புது ஆட்களின் பட்டியல்: உயரம், ஆட்டம், எதற்காக எடுக்கவேண்டும். லீவு தேதி பார்க்காமல் ஆள் எடுத்து, பைனல் நேரத்தில் அவன் விமானம் ஏறிப்போய் நாசமான அணிகளை நான் கண்டிருக்கிறேன். டைம் கீப்பர் மேனேஜராக இருப்பதில் அந்த ஒரு லாபம் உண்டு.

எங்கள் அணியின் உயிரே ஒரு சாரக்காரர். ஆலையில் பைப் சாரம் கட்டுகிறவர், தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், ஆறடிக்கு மேல். சர்ச் சாமியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆடிப் பழகியவர். பந்து அவர் கைக்குப் போனால் நான் மூச்சு விடுவேன். அவருக்கு மாசிக் கடைசியில் எக்சிட். பைனலோ, ஆலையைப் பழுதுபார்க்க நிறுத்தும் ஷட்டவுன் வந்து வருடா வருடம் தள்ளிப்போகும். அவர் இல்லாமலே பைனல் ஆடவேண்டி வரலாம் என்பதுதான் என் அணியின் ஓட்டை. அந்த ஓட்டைக்குத்தான் சோடாபுட்டி.

டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்பு கேம்ப் வாசல் டீக்கடையில் அந்தச் சாரக்காரர் என்னைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, ஒரு காரியம் கேக்கணும்."

"கேளும்வே."

"எங்க தம்பி புது பேட்ச்ல வந்திருக்கான். போர்ட் கேம்ப்ல போட்டுருக்காவ. அந்த ஆறாவது பிக்கை அவனுக்குக் குடுங்க."

"உம்ம தம்பி பந்து ஆடுவானா?"

"எங்க ஆட? சின்னதுல ஆடுறவங்க வெளிய அடிச்ச பந்தைப் பொறக்கிட்டு வருவான். அவ்வளவுதான்."

எனக்கு டீ புரையேறிவிட்டது. "வே, ஆடத் தெரியாதவனை ஃபர்ஸ்ட் ரவுண்டுல எடுத்தா கேம்பே கைகொட்டிச் சிரிக்கும்வே!"

அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. "நீங்கதான அண்ணாச்சி சொன்னீய, அது குப்பை, எவனை எடுத்தாலும் ஒண்ணுதான்னு? அந்த எவனா எங்க தம்பி இருந்துட்டுப் போறானே."

என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டிருக்கவேண்டும். இல்லை, அது குப்பை இல்லை, தங்கம், நான் ஒரு மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று இப்போது எப்படிச் சொல்வது?

அவர் மேலே சொன்னார். "நாங்க ரெண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ படுத்து எந்திரிச்சு ஆறு வருசம் ஆச்சு. நான் லீவுல போனா அவன் துபாய்ப்பக்கம் புஜைரால டேங்க் வேலையில இருப்பான். அவன் ஊருக்கு வந்தா நான் இங்க. என் கல்யாணத்துக்கு நான் போனேன், அவன் வரல. அப்பா அடக்கத்துக்கு அவன் போனான், நான் வரல. அதான் இந்தக் கம்பெனிக்கே விசா கேட்டு வாங்கி வரவச்சேன். வந்த பெறவு பாத்தா அவன் அங்க, நான் இங்க. நான் எக்சிட் போறதுக்கு நாலு மாசம் இருக்கு. ஒரே பிளாக்னா நாலு மாசம் ஒண்ணா இருப்போம்."

"பாக்கலாம்வே" என்றேன்.

நான் சரி என்று சொல்லவில்லை. இதை அன்றிலிருந்து எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் டீக்குக் காசு கொடுக்கப் போனபோது அவர் என் கையைப் பிடித்துத் தடுத்த விதத்தைப் பார்த்தால், அவர் காதில் சரி என்றே விழுந்திருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த வாரம் நான் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது பிக்கை வைத்திருந்த டி பிளாக் மேனேஜர் ஒரு ஹைதராபாத்காரர். அவரிடம் போய், என் இரண்டாம் சுற்று ஆளையும் அடுத்த வருடத்து ஆளையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஐந்தாவதைக் கொடுங்கள் என்று கெஞ்சினேன், கிடைத்தால் இரண்டு பேரையுமே முதல் சுற்றில் எடுத்துவிடலாமே. மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அரே பாய், கடைசி பிக் எல்லாம் கச்ரா, குப்பைன்னு நீதானே சொன்னே? கச்ரா உனக்கு எதுக்கு ரெண்டு?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். கேம்ப் பாஸிடம் போனேன். தம்பிக்கு ஒரு கட்டில் மட்டும் கொடுங்கள் என்றேன். "கட்டில் மாஃபி, இல்லை. ஃபர்ஸ்ட் ரவுண்ட் என்றால் ஏற்பாடு பண்றேன்" என்றார். கூயாவிடமும் போனேன். கையைத் தட்டினார்.

டிராஃப்ட் அன்று மத்தியானம் பிரியாணி முடிந்ததும் மேசைகளை ஓரம் தள்ளினார்கள். போர்ட் கேம்ப் பஸ் வந்தது. புது ஆட்கள் சட்டையில் நம்பர் அட்டை குத்திக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். தம்பியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் யாரும் காட்டவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அத்தனை பேரில் ஒருத்தன் மட்டும் பெட்டி படுக்கையோடு வந்து நின்றான். சிவப்பு ரெக்சின் பை, பாய் சுற்றிய கட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் சோப்பு டப்பாவும் பல் பிரஷ்ஷும். எடுத்த கையோடு சி பிளாக்குக்கு வந்துவிடலாம் என்று அண்ணன் சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். மெடிக்கல் தாளைப் பார்த்து நான் நோட்டில் எழுதியிருந்தபடியே ஐந்தடி மூன்று அங்குலம்தான். எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்ற அண்ணன் அவனைப் பார்த்து, வாளியைக் கீழே வை என்று கையால் காட்டினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஐந்து அணிகளும் நான் எதிர்பார்த்தபடியே ஐந்து பனைமரங்களை எடுத்தன. சோடாபுட்டி அப்படியே நின்றான். கூயா என்னைப் பார்த்து, "சி பிளாக், யல்லா" என்றார்.

எனக்கு அப்போது வந்த எரிச்சலை இன்னும் மறக்கவில்லை. இந்த மனிதன் எதற்கு என் தலையில் இதைக் கட்டினான்? நான் என்ன கேம்ப் பாஸா? கட்டில் போட வேண்டியவன் போடமாட்டான், பாஸ் கொடுக்க வேண்டியவன் கொடுக்கமாட்டான், பந்து விளையாட ஆள் எடுக்கிறவன் மட்டும் குடும்பத்தைச் சேர்த்து வைக்கவேண்டுமா? அத்தனையும் நியாயமான கேள்விகள். அந்தக் கேள்விகளையெல்லாம் மனதுக்குள் கேட்டுக்கொண்டே சோடாபுட்டியின் நம்பரைச் சொன்னேன்.

ஹாலே சிரித்தது. டி பிளாக் மேனேஜர் மேசையைத் தட்டிச் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. நம்பர் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று தன் அட்டையைக் குனிந்து பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

இரண்டாம் சுற்றில் அவனை எடுத்தேன், பெரிய தர்மப் பிரபு மாதிரி. பெட்டி, பாய், வாளி எல்லாவற்றையும் திரும்பப் பஸ்ஸில் ஏற்றினார்கள். அண்ணன்தான் வாளியை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தார். பஸ் போன பிறகு என்னிடம் வந்தார். வந்து, "பரவால்ல அண்ணாச்சி. நல்ல ஆளாத்தான் எடுத்திருக்கீய போலிருக்கு" என்றார்.

இப்படி ஒரு மனிதன்! நாலு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம். பயிற்சிக்கு வராமல் இருந்திருக்கலாம், ரூமில் என் வண்டவாளத்தை எல்லோரிடமும் சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் சாயங்காலமே வந்து, சோடாபுட்டிக்கு எங்கே நின்றால் பந்து வரும் என்று சொல்லிக் கொடுத்தார். கண்ணாடி விழாமல் இருக்கத் தன் கைலியில் நாடா கிழித்துப் பின்னால் முடிந்துவிட்டார். பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்த நாலு மாதத்தில் அண்ணனும் தம்பியும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும், இரண்டு பேரின் டைம் ஷீட்டும் என்னிடம்தான் வரும். அண்ணனுக்கு லீவு என்றால் தம்பிக்கு டியூட்டி. தம்பிக்கு லீவு என்றால் அண்ணன் சாரத்தின் மேல். ஒரு தடவை அண்ணன் இரண்டு பஸ் மாறிப் போய், கேட்டில் பாஸ் இல்லாமல் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டு வந்தார். இன்னொரு தடவை தம்பிக்குப் பல்வலி, கிளினிக்குக்கு எங்கள் கேம்புக்கு வந்தான். அந்தப் பல்வலிக்கு அண்ணன் அவ்வளவு சந்தோஷப்பட்டார்.

ஷட்டவுன் வந்தது, பைனல் தள்ளிப்போயிற்று. எல்லாம் என் நோட்டில் இருந்தபடியே நடந்தது. பைனலுக்கு எட்டு நாள் முன்பு சாரக்காரர் எக்சிட்டில் போய்விட்டார். அவர் கட்டில் காலியானது. காலியானதும் கேம்ப் பாஸ் என்னைக் கூப்பிட்டு, "உன் டீம்ல ரெண்டாம் ரவுண்டு ஆள் ஒருத்தன் போர்ட் கேம்ப்ல இருக்கானே, இப்போ கட்டில் இருக்கு, அவனை அனுப்பட்டுமா?" என்று கேட்டார். இதைச் சிரித்துக்கொண்டே ஒரு உபகாரம் போலக் கேட்டார். எனக்கு அவர் மேசையைத் தூக்கிக் கவிழ்க்கலாம் போல இருந்தது. "அனுப்புங்க" என்றேன்.

அதே சிவப்புப் பை, அதே வாளியோடு தம்பி வந்தான். அண்ணன் படுத்த கட்டிலில் பாயை விரித்தான். பைனல் அன்று அண்ணனின் பனியன் முழங்கால் வரை தொங்க, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சோடாபுட்டி விளையாடியதைச் சொல்லி முடியாது. கடைசி நிமிடத்தில் மூலையில் நின்று, அண்ணன் நிற்கச் சொன்ன அதே இடத்தில் நின்று, போட்டான். நாங்கள் மூன்றாவது வருடமும் ஜெயித்தோம். டி பிளாக் மேனேஜர் வந்து என் கையைக் குலுக்கி, "உன் கச்ரா தங்கம் பாய்" என்றார். முதல் சுற்றின் கடைசி ஆளுக்கு என்ன மதிப்பு என்று அந்தக் கேம்பில் என்னைத் தவிர எவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. நான் போட்ட கணக்கு அத்தனையும் சரி.

மறுநாள் சாயங்காலம் தம்பி என் ரூமுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, எங்க அண்ணன் எப்படி ஆடுவான்? ஊர்ல பாத்தது, இங்க ஒரு மேட்சும் பாக்கல."

நோட்டை எடுத்து, அண்ணனின் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். ஒவ்வொரு மேட்சுக்கும் எத்தனை பாயிண்ட் என்று எழுதியிருந்தது. அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். இருபத்திரண்டு என்று ஒரு மேட்ச் வந்ததும், "அம்மாடி" என்றான். பக்கத்தின் அடியில் எக்சிட் தேதியும், 'ஆறாவது பிக்கில் மாற்று ஆள்' என்ற குறிப்பும் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். அவன் விரல் அந்தக் குறிப்பையும் தொட்டது. பிறகு பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனான்.

"வே, அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, இங்க கொண்டா" என்று கை நீட்டினேன்.

அதற்குள் புது ஆட்களின் பட்டியலுக்குப் போய்விட்டான். தன் பெயரைக் கண்டுபிடித்து வாய்விட்டுப் படித்தான். "உயரம் அஞ்சடி மூணு. ஆட்டம் தெரியாது. எதற்காக எடுக்கவேண்டும்..."

அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருந்ததும் எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. டிராஃப்டுக்கு முந்தின நாள், கோபத்தில், பேனா தாளில் பதிய எழுதியது.

"அண்ணன் இருக்கார். வேறு ஒன்றும் இல்லை" என்று படித்தான்.

நோட்டை மூடி என் கையில் கொடுத்தான். "சரியாத்தான் எழுதியிருக்கீய, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அண்ணனின் பனியனைத் துவைக்க வாளியை எடுத்துக்கொண்டு போனான்.